தராசு யார் கையில்?



ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பயப்பட வேண்டாம், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுக் கணக்குதான்.

நன்றாகக் காய்ந்த நெல் 100 கிலோவை ஆலையில் அரைத்தால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று அதிகமாக நெல் வேண்டும். நெல் ஒரு டன் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை மட்டும் சுமார் 2 வெள்ளி 30 காசு. உள்ளூர் வெள்ளை அரிசியை ஒரு கிலோ 2 வெள்ளி 60 காசுக்கு மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் 2008 முதல் உச்ச விலை வைத்திருக்கிறது. மிச்சம் 30 காசு. அதற்குள் நெல்லைக் காயவைக்கணும், அரைக்கணும், பையில் போடணும், லோரியில் ஏத்தணும், கடைக்காரரும் நாலு காசு பார்க்கணும். தவிடு, குருணை விற்ற பணம் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் நெல் விவசாயிகள் புத்ராஜெயாவில் கூடி, டன்னுக்கு 1,800 வெள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். அதே கணக்கை மறுபடியும் போடுங்கள். 2 வெள்ளி 77 காசு வருகிறது. கடையில் விற்கும் அரிசியை விட, அந்த அரிசிக்குள் இருக்கும் நெல் விலை அதிகம்!

அப்போ விவசாயி கேட்டது அநியாயமா? இல்லை, நாம் கொடுக்கும் விலைதான் அநியாயமா? நியாயமான விலை என்றால் என்ன, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நமக்கு என்ன சம்பந்தம்?

ஜொகூரில் இருக்கிற நமக்கு நெல்வயல் அதிகம் தெரியாது. தங்காக் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. மற்றபடி நம்ம கண்ணில் படுவதெல்லாம் செம்பனைதான். ஆனால் வீட்டில் சோறு வடிக்காத நாள் உண்டா? கோவில் திருவிழா வந்தால் அன்னதானத்துக்கு அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வருவது யார்? நாம்தானே, இளைஞர் பிரிவு. அன்னம் பிரம்மம் என்று பேசுகிறோம். சிந்திய சோற்றை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்தச் சோறு எந்தத் தராசில் ஏறி வந்தது என்று தெரிந்துகொள்வதும் அதே மரியாதையைச் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். 1971-இல் நெல், அரிசி விவகாரங்களைக் கவனிக்க அரசாங்கம் ஒரு வாரியம் அமைத்தது. 1994-இல் அது பெர்னாஸ் என்ற நிறுவனமாக மாறியது. 1996-இல் தனியார்மயமானது. வெளிநாட்டு அரிசியைத் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் கொண்டுவரும் உரிமை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே. அந்த உரிமை இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது. கடைசியாக 2021-இல் இன்னும் பத்தாண்டுக்கு நீட்டினார்கள். 2018-இல் விவசாய அமைச்சராக இருந்தவர் நம்ம ஜொகூர்க்காரர், பூலாய் நாடாளுமன்ற உறுப்பினர் சலாவுடின் அயூப். இந்த ஏகபோகத்தை முடிப்பது பற்றி அவர் காலத்தில் நிறையப் பேச்சு இருந்தது. ஆனால் அது முடியவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அந்த உரிமைக்குப் பதிலாகச் சில கடமைகளும் சுமத்தப்பட்டிருக்கின்றன. நாட்டுக்கு அவசர அரிசிக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். வேறு யாரும் வாங்காத நெல்லையும் குறைந்தபட்ச விலை கொடுத்து வாங்க வேண்டும். விவசாயிக்கு அரசாங்கம் தரும் மானியத்தையும் கொண்டுசேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்நாட்டு நெல்லைப் பெர்னாஸ் மட்டும் வாங்குவதில்லை. தனியார் ஆலைகளும் வாங்குகின்றன. ஆகவே காகிதத்தில் பார்த்தால் விவசாயிக்குப் பல கதவுகள் இருக்கின்றன. வயலில் நின்று பார்த்தால் கதை வேறு.

ஈரநெல் காத்திருக்காது

என் அறைத்தோழன் கெடாவில் யான் பக்கத்துப் பையன். அவனுடைய அப்பா மூடா பாசனத் திட்டத்தில் நெல் போடுகிறவர். கெடாவும் பெர்லிஸும் சேர்ந்த அந்தத் திட்டம் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர். நாட்டின் அரிசிக் களஞ்சியம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது அவன் சொன்னான்: "விலை ஏறிச்சா இறங்கிச்சான்னு எங்கப்பா முதல்ல பார்க்க மாட்டாரு. போத்தோங்கான் எவ்வளவுன்னுதான் பார்ப்பாரு."

போத்தோங்கான் என்றால் பிடித்தம். இயந்திரத்தில் அறுத்த நெல்லில் 20 முதல் 25 சதவீதம்கூட ஈரம் இருக்கும். 14 சதவீதம் வரை காயவைத்தால்தான் அதைக் கெடாமல் சேமிக்க முடியும். ஈரத்தோடு பதர், வைக்கோல் துண்டு, பச்சை நெல், மண் எல்லாம் கலந்திருக்கும். ஆகவே ஆலையில் லோரியை எடை போட்டு, மாதிரி எடுத்துப் பார்த்து, இத்தனை சதவீதம் கழிவு என்று எழுதுவார்கள். கழிவு போகத்தான் காசு.

கழிப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீருக்கும் மண்ணுக்கும் அரிசி விலை எதற்குக் கொடுக்கணும்? பிரச்சினை, அந்தச் சதவீதத்தை எப்படி முடிவு செய்தார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு விவசாயி 10 டன் நெல்லை டன் 1,500 வெள்ளிக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15,000 வெள்ளி. பிடித்தம் ஒரு சதவீதம் கூடினால் 150 வெள்ளி போச்சு. 18 என்று எழுத வேண்டியதை 21 என்று எழுதினால் 450 வெள்ளி. அரசாங்கம் மேடையில் ஏற்றிக்கொடுத்த விலை, ஆலை வாசலில் சத்தமில்லாமல் இறங்கிவிடலாம்.

"நியாயமா இல்லன்னா வேற ஆலைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "லோரி வாடகை யார் கொடுப்பா? போற வழியில நெல்லு சூடாகும். ரெண்டு நாள் வெச்சிருந்தா முளைக்கும், கறுக்கும். திருப்பிக் கொண்டுபோனா இன்னும் கூடப் பிடிப்பாங்க."

நாங்கள் பொறியியல் வகுப்பில் சென்சார், கலிபிரேஷன் என்று படிக்கிறோம். ஒரு அளவு சரியா என்று தெரிய இரண்டாவது அளவு வேண்டும் என்பதுதான் அதன் முதல் பாடம். ஈரநெல் வைத்திருக்கும் விவசாயிக்கு இரண்டாவது அளவு எடுக்க நேரமே இல்லை. ஒப்பந்தம் அவரைக் கட்டவில்லை, நேரம் கட்டுகிறது. ஆலைக்கு நாளைக்கும் வேறு லோரி வரும். அவருக்கு இது நாலு மாத உழைப்பு. கடன் வாங்கிப் போட்ட உரமும் பூச்சி மருந்தும் அந்த ஒரு லோரியில்தான் இருக்கின்றன.

செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் நம்ம ஜொகூர் ஆட்களைக் கேளுங்கள். பழக்குலை வெட்டிய கையோடு ஆலைக்குப் போகணும், இல்லையென்றால் எண்ணெயின் தரம் இறங்கும். அவர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள். கெட்டுப்போகும் பொருளை விற்பவன் எப்போதும் அவசரத்தில் இருக்கிறான். அந்த அவசரமே எதிரில் நிற்பவனுக்குப் பலம்.

என் பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே அரிசி வாங்கத் தோட்டக் கடை ஒன்றுதான். "கடைக்காரரு நல்லவருதான், ஆனா அவரு நல்லவரா இருந்ததாலதான் நாங்க பொழச்சோம்" என்று பாட்டி சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. ஒருத்தருடைய நல்ல மனசை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டிய நிலையில் இன்னொருத்தரை வைக்கலாமா?

துலாதாரரின் தராசு

மகாபாரதம் சாந்தி பர்வத்தில் ஒரு கதை உண்டு. ஜாஜலி என்ற தவசி அசையாமல் மரம்போல் நின்று தவம் செய்கிறார். தலைமுடியில் குருவிகள் கூடுகட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அவை பறந்து போகும்வரை அவர் அசையவில்லை. தன்னைப்போல் தர்மம் அறிந்தவர் இல்லை என்று பெருமை வருகிறது. அப்போது ஒரு குரல் கேட்கிறது: காசியில் இருக்கும் துலாதாரனுக்கு நீ ஈடாக மாட்டாய். ஜாஜலி தேடிப்போய்ப் பார்த்தால், அவர் ஒரு கடைக்காரர்! துலாதாரர் என்றாலே தராசு பிடிப்பவர் என்று பொருள். தர்மம் எப்படி உங்களுக்குக் கைவந்தது என்று ஜாஜலி கேட்கிறார். என் தராசு எல்லா உயிர்களுக்கும் ஒரே மாதிரி நிற்கிறது என்பது அவர் சொல்லும் பதிலின் சாரம்.

காட்டில் செய்த தவத்தைவிடக் கடைத்தெருவில் நேராக நின்ற தராசை உயர்வாக வைத்த மரபு நம்முடையது. திருவள்ளுவரும் வியாபாரிக்குரிய ஒழுங்கைப் பொருட்பாலில் ஏதோ ஒரு மூலையில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அதாவது விலையும் எடையும் வெறும் பொருளாதாரம் இல்லை, அறம்.

ஆனால் இந்தக் கதையை வைத்து, பெரிய நிறுவனத்தை நடத்துகிறவர்கள் துலாதாரர்போல் இருந்தால் போதும் என்று முடித்துவிடலாமா? எனக்கு அது போதவில்லை. காசி பெரிய நகரம். துலாதாரரிடம் வந்தவர் எடை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போயிருக்கலாம். அப்படிப் போக வழியிருந்தும் அவரிடமே வந்தார்கள் என்பதுதான் அவருக்குச் சான்று. போக வேறு இடமே இல்லாதவர் வாசலில் வந்து நிற்பது யாருடைய நேர்மைக்கும் சான்று ஆகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. உள்நாட்டு நெல்லை வாங்கி அரைப்பதும், வெளிநாட்டு அரிசியை இறக்குவதும் ஒரே நிறுவனம். இரண்டு தட்டிலும் தன் சரக்கு இருக்கும்போது முள்ளைப் பிடிக்கும் கை ஆடாமல் இருக்குமா? ஆடுகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆடவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிய வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

2023-இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை மாதம் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் 1-ஆம் தேதி பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏற்றியது. இறக்குமதி அரிசி அந்த விலை, உள்ளூர் அரிசி 2 வெள்ளி 60 காசிலேயே நிற்கிறது. என்ன ஆகும்? கடைகளில் உள்ளூர் அரிசி காணாமல் போனது. உள்ளூர் அரிசி எங்கே போனது, யார் பையை மாற்றினார்கள் என்று நாடே பேசியது. அரிசி விலை அப்படி ஏறியபோதும், வயலில் நெல்லுக்கு இருந்த குறைந்தபட்ச விலை 2014-இல் வைத்த 1,200 வெள்ளிதான். பிறகுதான் 1,300 ஆனது. 2025 ஏப்ரலில் 1,500 ஆனது.

கனடாவில் கோதுமைக்கு நடந்தது

சரி, ஏகபோகத்தை உடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதே கேள்வியைக் கோதுமை விளையும் ஒரு நாடு எழுபது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் அனுபவத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது.

கனடாவின் மேற்குச் சமவெளியில் 1935-இல் கோதுமை வாரியம் தொடங்கினார்கள். 1943-இல் அது கட்டாயமானது. ஏற்றுமதிக் கோதுமையை அந்த வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும். எல்லாருடைய கோதுமையையும் சேர்த்து விற்று, சராசரி விலையை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள். சின்ன விவசாயி, பெரிய விவசாயி எல்லாருக்கும் ஒரே தரத்துக்கு ஒரே விலை. நல்லதுதானே?

ஆனால் எல்லையோரத்து விவசாயி தினமும் என்ன பார்த்தார்? வேலிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் சில நாட்களில் விலை கூட. என் நிலம், என் வியர்வை, என் கோதுமை, நான் ஏன் எனக்குப் பிடித்த இடத்தில் விற்கக் கூடாது? சிலர் லோரியில் ஏற்றி எல்லையைத் தாண்டினார்கள். அபராதம் விழுந்தது. அதைக் கட்ட மறுத்து 2002-இல் அல்பெர்ட்டா மாநிலத்து விவசாயிகள் 13 பேர் லெத்பிரிட்ஜ் நகரில் சிறைக்குப் போனார்கள். தான் விளைவித்த தானியத்தை விற்றதற்காகச் சிறை!

மறுபக்கத்தையும் கேளுங்கள். 1998 முதல் அந்த வாரியத்தின் 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் வாரியம் நடத்திய வாக்கெடுப்பில், கோதுமைக்கு ஏகபோகம் தொடர வேண்டும் என்று 62 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். இருந்தும் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்து 2012 ஆகஸ்டில் ஏகபோகத்தை முடித்தது. 2015-இல் வாரியத்தின் பெரும்பங்கு, ஒரு பன்னாட்டு தானிய நிறுவனமும் சவூதி முதலீட்டு நிறுவனமும் சேர்ந்த கூட்டணிக்குப் போனது. விற்கும் சுதந்திரம் வந்தது. வாங்குகிற இடத்தில் விவசாயிக்கு இருந்த வாக்கு போனது.

இந்தியாவில் கதை நேர்மாறு. 2020-இல் வந்த மூன்று விவசாயச் சட்டங்கள், எங்கே வேண்டுமானாலும் விற்கும் சுதந்திரம் தருகிறோம் என்றன. பஞ்சாப் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்து, அந்தச் சுதந்திரம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அரசாங்கம் வாங்கும் வாசல் மெல்ல மெல்ல மூடிவிடும் என்று பயந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போனால், அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை மூடு என்று எந்த விவசாயியும் கேட்க மாட்டார். சீக்கிரம் திற என்பார். அவருடைய கோபம் எதில் என்றால், 17 சதவீத ஈரப்பத வரம்பில், மழையில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்துக்கிடப்பதில், மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கும் கையில்.

கனடாவில் சிலர் ஏகபோகத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள். பஞ்சாபில் சிலர் அரசுக் கொள்முதலைக் காப்பாற்றத் தெருவில் படுத்தார்கள். இரண்டு பேரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவர் ஒருவரா, பலரா என்பதைவிட, விற்பவருக்கு அங்கே என்ன மரியாதை என்பதைத்தான் இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். விலகிப் போகும் வழி இருக்கணும், இல்லையென்றால் பேசும் உரிமை இருக்கணும். இரண்டும் இல்லாத இடத்தில் கொடுக்கும் விலை கூடுதலாக இருந்தாலும் அது விலை ஆகாது, பிச்சைபோல் ஆகிவிடும்.

2022 இறுதியில், நெல் விவசாயிகளுக்குப் பெர்னாஸ் நிதி உதவி தரச் சம்மதித்திருப்பதாக அரசாங்கம் அறிவித்தது. உதவி வந்தால் நல்லதுதான், கஷ்டப்படும் குடும்பத்துக்கு அது பெரிய காசு. ஆனால் தானமும் நியாயமும் ஒன்றில்லை. தானம் கொடுப்பவர் விருப்பம். நியாயம் வாங்குபவர் உரிமை. எடையில் போனது தானமாகத் திரும்பி வந்தால், கொடுத்தவருக்குப் புண்ணியமும் வாங்கியவருக்குக் கடனும் அல்லவா சேர்கிறது?

மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர்

நம்ம முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், கோவிலுக்கு நெல்லும் அரிசியும் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர் வருகிறது. ஆடவல்லான் யார்? நடராசப் பெருமான். அது ராசகேசரி என்ற அரசாங்க மரக்காலுக்குச் சமம் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், அளவுக்குச் சாமி பெயர் வைத்ததோடு நிறுத்தவில்லை. அது எந்த அளவுக்குச் சமம் என்று எல்லார் கண்ணிலும் படும்படி கல்லில் வெட்டினார்கள். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோவில் சுவரிலேயே கோடு போட்டு வைத்த இடங்களும் உண்டு. சந்தேகம் வந்தால் யாரும் போய்த் தன் கோலை வைத்துப் பார்க்கலாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும், எடைக்கற்களை அரசாங்கம் சோதித்து முத்திரை போட வேண்டும், தவறினால் அபராதம் என்கிறது.

பக்தி இருந்தும் அவர்கள் பக்தியை மட்டும் நம்பவில்லை. அளவைச் சுவரில் வைத்தார்கள். இதுதான் என் கட்டுரையின் சாரம். கதவு ஒன்றுதான் என்றால், தராசு எல்லார் கண்முன்னும் இருக்க வேண்டும்.

இன்றைக்கு அதை எப்படிச் செய்வது? என் படிப்புக்கு எட்டியவரை மூன்று சொல்கிறேன்.

ஒன்று, ஈரத்தையும் கழிவையும் அளப்பவர் வாங்குபவராக இருக்கக் கூடாது. நம்ம நாட்டில் 1972-லிருந்து எடை அளவுச் சட்டம் இருக்கிறது. பாசாரில் மீன்காரர் தராசில்கூடச் சோதனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அரைக் கிலோ கெம்போங் மீனுக்கு இருக்கும் பாதுகாப்பு, ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்புக்கு முழுமையாக இருக்க வேண்டாமா? மாதிரி எடுப்பதும் அளப்பதும் விவசாயி முன்னால் நடக்கட்டும். ஒரு பங்கு மாதிரியை முத்திரையிட்டு அவர் கையில் கொடுக்கட்டும். சண்டை வந்தால் மூன்றாவது ஆள் அதை அளக்கட்டும்.

இரண்டு, காத்திருக்கும் பலத்தை விவசாயிக்குக் கொடுக்கணும். உழவர் கூட்டுறவுகளிடம் நெல் உலர்த்தும் இயந்திரமும் சேமிப்புக் கிடங்கும் போதுமான அளவு இருந்தால், ஈரநெல் அவசரம் குறையும். காய்ந்த நெல் இரண்டு நாள் காத்திருக்கும். காத்திருக்க முடிகிறவன்தான் பேரம் பேச முடியும்.

மூன்று, விலை நிர்ணயிக்கும் மேசையில் விவசாயிக்கு உட்காரும் இடம் வேண்டும். புத்ராஜெயா வெயிலில் பதாகையோடு நின்றால்தான் கேட்பார்கள் என்பது நல்ல ஏற்பாடு இல்லை.

நம்ம பங்கு

இதுவரை ஆலையையும் நிறுவனத்தையும் அரசாங்கத்தையும் பேசியது சுலபம். கடைசியாக நம்மைப் பற்றியும் பேசணும். முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 2008-இல் வைத்த 2 வெள்ளி 60 காசுதான் விவசாயியின் கழுத்தில் இருக்கும் கயிறுகளில் ஒன்று. அதன் மறுமுனை நம்ம கையில் இருக்கிறது. நெல்லின் குறைந்தபட்ச விலையை 1,500 ஆக ஏற்றியபோதும் அந்த உச்ச விலை அப்படியே இருந்தது. ஏன்? அதைத் தொட்டால் நாம் கத்துவோம் என்று எந்த அரசாங்கத்துக்கும் தெரியும்.

எங்கள் வீட்டிலும் அம்மா சம்பளத்தில்தான் மாதத்துக்கு இரண்டு 10 கிலோ அரிசிப் பை வாங்குகிறோம். கிலோவுக்கு 40 காசு கூடினால் மாதம் 8 வெள்ளி. அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். அந்த 8 வெள்ளி பெரிதாகத் தெரியும் வீடுகள் நம்ம சமுதாயத்தில் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு அரசாங்கம் நேரடியாகக் கை கொடுக்கணும். ஆனால் ஒரு கோப்பை தே தாரிக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்களுக்கும், நல்ல சம்பளம் வாங்குபவர்களுக்கும் சேர்த்து ஏழை விவசாயி மானியம் கொடுக்க வேண்டுமா? ஏழைக்கு மலிவு அரிசி வேண்டும் என்பது உண்மை. அதற்கான செலவை இன்னொரு ஏழை தலையில் கட்டுவது அறம் இல்லை. அதை எல்லாரும் வசதிக்கு ஏற்றபடி பகிர்ந்துகொள்ளணும்.

ஒருத்தர் கேட்கலாம்: "தம்பி, அவங்க வேற இனம், வேற சமயம். நம்ம பிள்ளைங்க பிரச்சினையே தீரல, நீ எதுக்கு இதுக்கெல்லாம் எழுதுற?" துலாதாரர் தன் தராசு தன் சாதிக்கு நேராக நிற்கிறது என்று சொல்லவில்லை, எல்லா உயிர்க்கும் என்றார். தோட்டக் கடையையும் பிடித்தத்தையும் நாம் அறிவோம். வெட்டிய பாலுக்கு வேறு ஆள் சொன்ன எடையை ஏற்றுக்கொண்டு வாழ்ந்த பரம்பரை நாம். இந்த வலி நமக்குப் புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்?

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு அரை மணி நேரம் பேசலாம் என்று நம்ம கிளைத் தலைவர் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். முடிந்தால் என் அறைத்தோழனையும் அழைத்து வருகிறேன், அவன் அப்பா வைத்திருக்கும் பிடித்தச் சீட்டுகளோடு. நான் சொன்ன மூன்று வழிகளில் ஓட்டை இருந்தால் வந்து சொல்லுங்கள். அன்றைக்கு அன்னதான அரிசி வாங்கும் பொறுப்பில் இருக்கிறவர்களும் வந்தால் இன்னும் நல்லது. உள்ளூர் அரிசி எங்கிருந்து வருகிறது, உழவர் கூட்டுறவு எதிடமிருந்தாவது நேரடியாக வாங்க முடியுமா என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.